சந்தைக்கு வழி கேட்டவர்: அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி)

ஜும்ஆ மேடையில் வியாபாரத்தைப் பற்றிப் பேச நேர்ந்தால் ஆலிம்களாகிய நாம் முதலில் எடுப்பது அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் சம்பவத்தைத்தான். மக்காவிலிருந்து வெறுங்கையுடன் வந்தார்கள். அன்சாரித் தோழர் ஒருவர் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைத்தெருவுக்கு வழி மட்டும் கேட்டார்கள். பிறகு மதீனாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரானார்கள். இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவோம்.

இதைக் கேட்கும் இளைஞரின் மனதில் தங்குவது, திறமை உள்ளவனுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை என்பது. பெரியவர்களின் மனதில் தங்குவது அதைவிட வசதியானது: வழி காட்டினால் போதும், பையில் கை வைக்க வேண்டியதில்லை! ஸஹீஹான ரிவாயத்துகளை ஒன்றுசேர்த்துப் படித்தால் சம்பவம் இந்த இரண்டு முடிவுக்கும் இடம் கொடுக்கவில்லை. நம் பிள்ளைகள் ஸ்டார்ட்அப் என்று பேசத் தொடங்கியிருக்கும் இந்தக் காலத்தில் அந்த வாழ்க்கையை முழுதாகச் சொல்லிப் பார்ப்பது நல்லது என்று நமக்குத் தோன்றுகிறது.

யானை ஆண்டுக்குச் சுமார் 10 ஆண்டுகள் கழித்து, குறைஷிகளின் பனூ ஸுஹ்ரா குலத்தில் அவர்கள் பிறந்தார்கள். நபி (ஸல்) அவர்களின் தாயார் ஆமினா அம்மையார் பிறந்ததும் அதே குலம்தான். பெற்றோர் வைத்த பெயர் அப்து அம்ர். தந்தை அவ்ஃப் தூர தேசம் போய் வரும் வியாபாரி. ஒருமுறை யமனுக்குச் சென்ற வணிகக் கூட்டத்தில் தம் மகனையும் அழைத்துச் சென்றார். அதே கூட்டத்தில் உஸ்மான் (ரலி) அவர்களும் தம் தந்தையுடன் இருந்தார்கள். திரும்பும் வழியில் பனூ ஜதீமா குலத்தார் தாக்கியதில் அவ்ஃப் கொல்லப்பட்டார். வியாபாரம் என்றால் லாபக் கணக்கு மட்டுமல்ல, உயிரையும் பணயம் வைக்கும் காரியம் என்பதை அந்த மகன் தந்தையின் மரணத்திலேயே கண்டுவிட்டார்.

அபூபக்ர் (ரலி) அவர்களின் அழைப்பால் இஸ்லாத்திற்கு வந்த முதல் சிலரில் இவர்களும் ஒருவர். தாருல் அர்கமில் நபி (ஸல்) அவர்கள் அமர்ந்து போதிக்கத் தொடங்குவதற்கு முன்பே கலிமா சொல்லிவிட்டார்கள். அப்துர் ரஹ்மான் என்ற பெயர் நபி (ஸல்) அவர்கள் சூட்டியது. அபிசீனியாவுக்கும் ஹிஜ்ரத் செய்தார்கள். கி.பி. 622-இல் மதீனாவுக்கு வந்தபோது வயது 40-ஐத் தாண்டியிருந்தது. இதை நாம் கவனிப்பதில்லை. சந்தைக்கு வழி கேட்டவர் தொழில் தெரியாத இளைஞர் அல்லர். பல ஆண்டு அனுபவமுள்ள வியாபாரி. அவரிடம் இல்லாமல் போனவை வேறு: முதல் இல்லை, சரக்கு இல்லை, வாடிக்கையாளர் இல்லை, அந்த ஊரில் அவரைத் தெரிந்தவர் எவரும் இல்லை.

மக்கா வியாபாரத்தால் வாழ்ந்த ஊர். மதீனா விவசாய ஊர். அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தாருக்குப் பேரீச்சந்தோப்புகள் இருந்தன. பெயர்பெற்ற கடைத்தெருவோ பனூ கைனுகா யூதர்களின் பகுதியில் இருந்தது. வந்து சேர்ந்த முஹாஜிர்களுக்கு மரம் ஏறவும் தெரியாது, தண்ணீர் பாய்ச்சவும் தெரியாது. தெரிந்த வியாபாரத்தைச் செய்யக் கையில் காசு கிடையாது. இந்த நிலையில்தான் நபி (ஸல்) அவர்கள் ஒரு முஹாஜிரையும் ஒரு அன்சாரியையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். அன்சாரிகள் தங்கள் தோப்புகளைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிடும்படி நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. மரமும் நிலமும் உரியவர்களிடமே இருக்கட்டும், உழைப்பில் முஹாஜிர்கள் சேரட்டும், விளைச்சலைப் பங்கிட்டுக் கொள்ளலாம் என்று முடிவாயிற்று. புகாரியில் உள்ள செய்தி இது. இருப்பவரின் சொத்தை உடைத்து இல்லாதவருக்குக் கொடுக்காமல், இருவரும் சேர்ந்து சம்பாதிக்க வழி செய்தார்கள்.

அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக அமைந்தவர் கஸ்ரஜ் குலத்தின் ஸஅத் பின் ரபீஉ (ரலி). அகபா உடன்படிக்கையில் தம் மக்களின் சார்பில் பொறுப்பேற்ற நகீப்களில் ஒருவர். எழுதத் தெரிந்தவர்கள் அரிதாக இருந்த காலத்தில் எழுதத் தெரிந்தவர். அன்சாரிகளில் வசதி மிகுந்தவர். அவர் தம் சொத்தில் பாதியை மட்டும் முன்வைக்கவில்லை. தமக்கு இரு மனைவியர் இருப்பதையும், அவர்களில் ஒருவரை முறைப்படி விலக்கி, இத்தா முடிந்தபின் இவர்களுக்கு மணமுடித்துத் தரத் தயாராக இருப்பதையும் சொன்னார். இன்றைக்கு இந்த வரியைப் படிக்கும் நம் வீட்டுப் பெண்கள் முகம் சுளிப்பது நமக்குத் தெரியும். அந்தச் சமூகத்தின் வழக்கில் ஒரு மனிதர் தம்மிடம் இருந்த அனைத்தையும் கணக்குப் பார்த்து, எதையும் ஒளிக்காமல் எடுத்து வைத்தார் என்பதே இதன் பொருள். அது நடக்கவும் இல்லை.

அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் ஸஅதின் குடும்பத்துக்கும் பொருளுக்கும் பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, கடைத்தெருவைக் காட்டும்படி கேட்டார்கள். மறுத்தது பெரிய தொகையை. ஏற்றுக்கொண்டதோ சிறிதல்ல. தலைக்கு மேல் ஒரு கூரை, சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாக ஸஅதின் சகோதரர் என்ற பெயர். முகம் தெரியாத ஊரில் ஒருவர் கடைத்தெருவில் போய் நின்றால் கடனுக்குச் சரக்கு யார் கொடுப்பார்? மதீனாவின் முக்கியப் பிரமுகர் ஒருவரின் வீட்டிலிருந்து வருபவருக்கு அந்தக் கதவு திறந்திருக்கும். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கடன் வாங்கித் தொடங்கினார்கள் என்று ரிவாயத்தில் இல்லை; நாமாக அதைச் சேர்க்க மாட்டோம். ஆனால் பாதிச் சொத்தை மறுத்தவர் தனியாக நின்றவர் அல்லர் என்பது ரிவாயத்திலேயே இருக்கிறது.

காட்டப்பட்டது பனூ கைனுகா கடைத்தெரு. அங்கே போய் வாங்கி விற்று, கொஞ்சம் நெய்யும் காய்ந்த தயிர்க்கட்டியும் சம்பாதித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். தங்கமோ வெள்ளியோ அல்ல, சமையலறைக்குப் போகும் பொருள்! வருமானம் முதலில் போய்ச் சேர்ந்தது அவர்களுக்கு இடம் கொடுத்த வீட்டுக்குத்தான். மறுநாளும் அதிகாலையில் போனார்கள். அதற்கு மறுநாளும். விடாமல் காலை தவறாது போனதை ஹதீஸ் தனியாகவே சொல்கிறது. பயானில் நாம் விட்டுவிடும் சொல் அதுதான்.

சில காலம் கழித்து அவர்கள் மீது மஞ்சள் நிற நறுமணத்தின் அடையாளம் தெரிந்தது. நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, அன்சாரிப் பெண் ஒருவரை மணமுடித்த செய்தியைச் சொன்னார்கள். மஹர் எவ்வளவு என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஒரு பேரீச்சங்கொட்டை எடைத் தங்கம் என்றார்கள். அது அன்று 5 திர்ஹம் எடைக்கு வழங்கிய பெயர் என்று அறிஞர்கள் பலர் விளக்குகின்றனர். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். திருமணத்தையே நபி (ஸல்) அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் நடத்தும் அளவுக்கு அது எளிமையாக இருந்திருக்கிறது. கடை திறந்து ஒரு வருடம் ஆவதற்குள் மண்டபம் பிடித்து, அந்தக் கடையின் முதலையே கல்யாணச் செலவில் கரைத்துவிடும் நம் குடும்பங்களுக்கு இது ஓரத்தில் ஒரு செய்தி.

வழி காட்டியது ஸஅத் மட்டுமல்ல. மதீனாவின் முஸ்லிம்களுக்கென்று ஒரு சந்தை இடத்தையே நபி (ஸல்) அவர்கள் ஏற்படுத்தினார்கள். முதலில் பகீஉஸ் ஸுபைர் என்ற இடத்தில் கூடாரம் அடித்ததாகவும், கஅப் பின் அஷ்ரஃப் வந்து அதன் கயிறுகளை அறுத்துவிட்டதாகவும், பிறகு வேறு விசாலமான இடத்துக்கு மாற்றியதாகவும் மதீனாவின் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தச் சந்தையில் வரி விதிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக இப்னு மாஜாவில் வரும் ரிவாயத்தின் தொடரில் பலவீனம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே யாருக்கும் நிரந்தரக் கடையிடம் கிடையாது என்ற நடைமுறை பின்னர் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியிலும் தெளிவாகத் தெரிகிறது. சந்தை பள்ளிவாசலைப் போன்றது. முதலில் வந்து உட்கார்ந்தவர் வியாபாரம் முடித்து எழும்வரை அந்த இடம் அவருடையது. நாளைக்கு முந்தி வருபவருக்கு நாளை.

புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று கடை வாடகையும் அட்வான்ஸும் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில்லாதவரை முதல் நாளிலேயே வெளியேற்றுவது இடத்தின் விலைதான். அந்தத் தடையே அங்கு இல்லை.

சந்தைக்குள் நடந்த காரியங்களுக்கும் விதிகள் வந்தன. வெளியூர்க் கூட்டத்தார் ஊருக்குள் வருவதற்கு முன்பே வழியில் போய் மறித்துச் சரக்கை மொத்தமாக வாங்குவது தடுக்கப்பட்டது. பணக்காரர் நாலு பேர் ஊர் எல்லையிலேயே எல்லாவற்றையும் வாங்கிவிட்டால் சிறு வியாபாரிக்கு என்ன மிஞ்சும்? கிராமத்துக்காரரின் சரக்கை நகரத்துத் தரகர் பிடித்து வைத்து விலையேற்றி விற்பதும் தடுக்கப்பட்டது. வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையைக் கூட்டிக் கேட்டு ஏமாற்றும் நஜ்ஷ் தடுக்கப்பட்டது. ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்தது. மேலே காய்ந்ததைப் பரப்பியிருந்தார் வியாபாரி. ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கச் சொல்லிக் கண்டித்தார்கள். ஃபிக்ஹ் பாடத்தில் இவற்றை நாம் ஹராம் ஹலால் பட்டியலாக மனனம் செய்தோம். இவை சிறு முதலுடன் வருபவருக்குப் போடப்பட்ட வேலி என்று நமக்கு விளங்கியது வெகு காலம் கழித்துத்தான்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு தனி மனிதரை எப்படித் தொழிலில் ஊக்கப்படுத்தினார்கள் என்பதற்கு உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களின் சம்பவம் போதும். ஓர் ஆடு வாங்கி வர அவரிடம் ஒரு தீனார் கொடுத்தனுப்பினார்கள். அவர் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து நீட்டினார். சொன்னதற்கு மேல் ஏன் செய்தாய் என்று அவரைக் கேட்கவில்லை. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் கேட்டு துஆ செய்தார்கள். மண்ணை வாங்கினாலும் லாபம் பார்க்கக்கூடியவராக அவர் ஆனார் என்று புகாரியில் வருகிறது.

அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் கதைக்கு வருவோம். மக்காவில் அவர்கள் விட்டுவந்த உடைமைகள் இருந்தன. அவற்றைக் காக்க அவர்கள் செய்தது நமக்கு வியப்பாக இருக்கும். பிலால் (ரலி) அவர்களைச் சுடுமணலில் கிடத்திச் சித்திரவதை செய்த உமையா பின் கலஃபுடன் எழுத்து மூலம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மக்காவில் இவர்களுடையதை உமையா கவனிப்பது, மதீனாவில் உமையாவுடையதை இவர்கள் கவனிப்பது. அப்துர் ரஹ்மான் என்ற பெயரை எழுத உமையா ஒப்பவில்லை. பழைய பெயரான அப்து அம்ர் என்றே எழுதப்பட்டது. இமாம் புகாரி இதை வகாலத் பாடத்தில், பகை நாட்டிலுள்ள முஸ்லிமல்லாதவரை முஸ்லிம் தம் பிரதிநிதியாக நியமிக்கலாமா என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கிறார்.

அந்த ஒப்பந்தத்தின் விலை பத்ருக் களத்தில், ஹிஜ்ரி 2-இல், தெரிந்தது. வாக்குக் கொடுத்தவரல்லவா! உமையாவை உயிருடன் காப்பாற்ற அழைத்துச் சென்றார்கள். பிலால் (ரலி) அவர்கள் பார்த்துவிட்டு அன்சாரிகளைக் கூவி அழைத்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் உமையாவை மண்டியிடச் செய்து அவன் மேல் தாமே கவிழ்ந்து மறைத்தார்கள். அவர்களுக்குக் கீழே வாள்கள் பாய்ந்தன, உமையா கொல்லப்பட்டான். ஒரு வெட்டு இவர்களுடைய பாதத்திலும் பட்டது. அந்தத் தழும்பைப் பிற்காலத்தில் மக்களுக்குக் காட்டுவார்கள். பிலால் (ரலி) அவர்களின் நியாயமும் நமக்குப் புரிகிறது. எழுதிக் கொடுத்த சொல்லுக்காகத் தம் உடம்பையே நடுவில் போட்ட வியாபாரியின் நியாயமும் புரிகிறது.

அடுத்த ஆண்டு உஹுத். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களுக்கு 20-க்கும் மேற்பட்ட காயங்கள். முன்பற்கள் போயின. காலில் பட்ட காயத்தால் வாழ்நாள் முழுவதும் நொண்டி நடந்தார்கள். போர் ஓய்ந்ததும் நபி (ஸல்) அவர்கள் ஸஅத் பின் ரபீஉ எங்கே என்று தேடச் சொல்லி ஒரு தோழரை அனுப்பினார்கள். உயிரிழந்தவர்களின் நடுவே கடைசி மூச்சுடன் ஸஅத் கிடந்தார். நபி (ஸல்) அவர்களுக்கு ஸலாம் சொல்லியனுப்பினார். தம் மக்களான அன்சாரிகளுக்கு, ஒருவர் உயிரோடு இருக்கும்வரை நபிக்கு ஆபத்து வர விட்டால் அல்லாஹ்விடம் சாக்குச் சொல்ல முடியாது என்று செய்தி அனுப்பினார். பிறகு ஷஹீதானார்.

மேடையில் நாம் சொல்லாமல் விடும் பாதி இங்கே தொடங்குகிறது. தம் சொத்தில் பாதியை இன்னொருவருக்குத் தர முன்வந்த ஸஅதின் வீட்டுக்கு என்ன ஆயிற்று? அவருடைய சகோதரர் வந்து சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். அன்றைய வழக்கில் அது களவு அல்ல. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பங்கில்லை என்பதே ஊர் முறை. ஸஅதின் மனைவி தம் இரு பெண் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். இவர்களின் தந்தை உஹுதில் கொல்லப்பட்டதையும், சிறிய தந்தை ஒன்றும் விடாமல் எடுத்துக்கொண்டதையும், பொருள் இல்லாமல் இவர்களை யாரும் மணமுடிக்க மாட்டார்கள் என்பதையும் முறையிட்டார். அல்லாஹ் இதில் தீர்ப்பளிப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஸூரத்துந் நிஸாவின் வாரிசுரிமை ஆயத் இறங்கியது. அந்தச் சகோதரரை அழைத்து, பெண் பிள்ளைகள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு, மீதியைத் தாம் வைத்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி திர்மிதியிலும் அபூதாவூதிலும் உள்ளது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. சகோதரத்துவம் ஏற்பட்ட தொடக்கத்தில், இணைக்கப்பட்ட முஹாஜிரும் அன்சாரியும் ஒருவருக்கொருவர் வாரிசாகவும் ஆனார்கள். அந்தச் சட்டம் மாற்றப்பட்டு இரத்த உறவுக்கே வாரிசுரிமை என்றானது பத்ருக்குப் பிறகு என்பதே பரவலான கருத்து. அதற்கு முன்பு ஸஅத் இறந்திருந்தால், அன்று வேண்டாம் என்று மறுத்த சொத்து அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களிடமே வந்திருக்கும்.

மஹல்லாவில் பஞ்சாயத்துக்கு வரும் வழக்குகளில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். மச்சான் தொழில் தொடங்க மாமா பணம் கொடுத்திருப்பார். கடனா, பங்கா, அன்பளிப்பா என்று இருவரும் பேசியிருக்க மாட்டார்கள். பேசினால் உறவு கெட்டுவிடுமாம். கடை ஓடத் தொடங்கிய பிறகு கொடுத்தவர் மவுத்தாகிவிடுவார். இத்தாவில் இருக்கும் பெண், தன் கணவர் கொடுத்த பணம் எங்கே என்று கேட்டால், அது அன்பளிப்பு என்பான் தம்பி. பங்கு என்பாள் அக்கா. ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. குர்ஆனின் மிக நீளமான ஆயத் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்று நாம் ஓதிக் காட்டும்போது இரு தரப்பும் தலை குனிந்திருக்கும். உதவி செய்தவரின் பிள்ளைகள் நஷ்டப்படும் இடம் பெரும்பாலும் இதுதான்.

ஹிஜ்ரி 7-இல் கைபர் வெற்றிக்குப் பின் முஹாஜிர்களின் கை ஓரளவு நிமிர்ந்தது. அப்போது அவர்கள் அன்சாரிகள் கனியுண்ணக் கொடுத்திருந்த மரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். யாரும் கேட்டு வாங்கவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் தாயார் நபி (ஸல்) அவர்களுக்குக் கொடுத்திருந்த மரங்களை நபி (ஸல்) அவர்கள் தம்மை வளர்த்த உம்மு அய்மன் (ரலி) அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். திருப்பிக் கேட்கப் போன சிறுவர் அனஸின் கழுத்தில் துணியைப் போட்டு இழுத்து, தர மாட்டேன் என்று அந்த மூதாட்டி பிடிவாதம் பிடித்தார்கள்! நபி (ஸல்) அவர்கள் கோபப்படவில்லை. அதற்குப் பதிலாக இவ்வளவு தருகிறேன் என்று கூட்டிக்கொண்டே போய், ஏறத்தாழ பத்து மடங்கு வரை சொல்லிச் சம்மதிக்க வைத்தார்கள். கொடுத்தவருக்கு அவருடையது திரும்பப் போனது. வைத்திருந்தவரும் வெறுங்கையுடன் நிற்கவில்லை.

ஹிஜ்ரி 6-இல் தூமத்துல் ஜன்தலுக்குப் படையுடன் அனுப்பப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தம் கையாலேயே இவர்களுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டார்கள். தபூக் பயணத்தில் ஒரு ஃபஜ்ர் தொழுகையில் நபி (ஸல்) அவர்கள் வரத் தாமதமாக, மக்கள் இவர்களை இமாமாக நிறுத்திவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் வந்து ஒரு ரக்அத்தை இவர்கள் பின்னால் தொழுது, தவறியதை எழுந்து நிறைவு செய்தார்கள். கடைக்காரர் என்றால் கல்லாவில் மட்டும்தான் இருப்பார் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொன்னோம்.

அவர்களின் வியாபார முறையைப் பற்றி இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் ஒரு கணக்குச் சொல்கிறார். கிடைத்த லாபம் எவ்வளவு சிறியதானாலும் தள்ளியதில்லை; கேட்டு வந்தவருக்கு விற்பதைத் தாமதப்படுத்தியதில்லை; கடனுக்கு விற்றதில்லை. ஒருமுறை 1,000 ஒட்டகங்களை வாங்கிய விலைக்கே விற்றுவிட்டார்கள். மிஞ்சியது அவற்றைக் கட்டிய கயிறுகள் மட்டும். கயிறு ஒன்று ஒரு திர்ஹம் என்று விற்று 1,000 திர்ஹம் பார்த்தார்கள். அன்றைய தீவனச் செலவு 1,000 திர்ஹமும் மிச்சமானது. சரக்கு தேங்கினால் முதல் சாகும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த வணிகக் கல்லூரியும் சொல்லித் தராது.

இப்படி வந்த பணம் எங்கே போயிற்று? அவர்களுடைய சகோதரர் மகன் தல்ஹா பின் அப்துல்லாஹ் சொன்ன செய்தியை இமாம் தஹபி பதிவு செய்திருக்கிறார். மதீனாவாசிகள் அனைவரும் அப்துர் ரஹ்மானின் குடும்பத்தினரைப் போல இருந்தார்கள். மூன்றில் ஒரு பகுதியினருக்குத் தம் பணத்தைக் கடனாகக் கொடுப்பார்கள். மூன்றில் ஒரு பகுதியினரின் கடனை அடைப்பார்கள். மீதி ஒரு பகுதியினருக்கு அன்பளிப்பாகவே கொடுப்பார்கள். நாம் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கொடுக்கவில்லை. உழைத்துத் திருப்பித் தரக்கூடியவருக்குக் கடன், வட்டியில்லாமல். முயன்று விழுந்தவருக்குக் கடன் தீர்வு. இரண்டும் இயலாதவருக்குக் கொடை. நம் ஊர்களில் ரமளானில் புடவையும் ரொக்கமும் பங்கிட்டு மூன்றாவது பகுதியை மட்டும் செய்கிறோம். முதல் பகுதிக்கு ஆள் இல்லை. அதனால்தான் நம் இளைஞர் வட்டிக் கடைக்குப் போகிறார்.

ஒரு நிலத்தை உஸ்மான் (ரலி) அவர்களுக்கு 40,000 தீனாருக்கு விற்று, பனூ ஸுஹ்ராவின் ஏழைகளுக்கும் மற்றவர்களுக்கும் நபியின் மனைவியருக்கும் பங்கிட்டார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள், சொர்க்கத்து ஸல்ஸபீல் ஊற்றிலிருந்து அல்லாஹ் அவருக்குப் புகட்டட்டும் என்று துஆ செய்தார்கள்.

இவர்கள் செல்வத்தின் காரணமாகச் சொர்க்கத்தில் தவழ்ந்துதான் நுழைவார்கள் என்று ஒரு செய்தி, 700 ஒட்டகங்கள் சரக்குடன் மதீனாவுக்குள் வந்த கதையோடு சேர்த்து, பயான்களில் உருக்கமாகச் சொல்லப்படுகிறது. நாமும் இளம் வயதில் சொல்லியிருக்கிறோம். இமாம் அஹ்மத் அதை மறுத்திருக்கிறார்கள். இப்னுல் ஜவ்ஸீ இட்டுக்கட்டப்பட்ட செய்திகளின் தொகுப்பில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். சொர்க்கத்து நற்செய்தி பெற்ற பத்துப் பேரில் ஒருவரை, ஹலாலாகச் சம்பாதித்து அள்ளிக் கொடுத்த ஒருவரை, இப்படிச் சித்தரித்தால் தொழில் செய்ய வரும் பிள்ளை மார்க்கத்தைப் பற்றி என்ன நினைப்பான்?

செல்வத்தைக் கண்டு அவர்கள் அஞ்சினார்கள் என்பது மட்டும் உண்மை. அதற்கு ஸஹீஹான ஆதாரமே இருக்கிறது. நோன்பு வைத்திருந்த ஒரு நாள் உணவு கொண்டுவரப்பட்டது. முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்களின் நினைவு வந்தது. தம்மைவிடச் சிறந்தவரான அவர் உஹுதில் கொல்லப்பட்டபோது கஃபனுக்கு ஒரே ஒரு துணிதான் இருந்தது. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தங்களுடைய நற்கூலி இம்மையிலேயே கொடுக்கப்பட்டுவிட்டதோ என்று சொல்லி அழத் தொடங்கியவர்கள் உணவைத் தொடவில்லை.

உமர் (ரலி) அவர்கள் குத்தப்பட்டபின் அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க அமைந்த அறுவர் குழுவில் இவர்களும் இருந்தார்கள். தமக்குப் பதவி வேண்டாம் என்று முதலில் விலகி, இரவுகளில் உறங்காமல் மக்களிடம் கலந்து பேசி, உஸ்மான் (ரலி) அவர்களின் கையில் பைஅத் செய்தார்கள்.

ஹிஜ்ரி 32-இல், கி.பி. 652 வாக்கில், மதீனாவில் வஃபாத்தாகி ஜன்னத்துல் பகீஇல் அடக்கம் செய்யப்பட்டார்கள். பத்ரில் கலந்து உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 400 தீனார் என்று வஸிய்யத் செய்திருந்தார்கள். சுமார் 100 பேர் பெற்றார்கள். கலீஃபாவாக இருந்த உஸ்மான் (ரலி) அவர்களும் தம் பங்கை வாங்கிக்கொண்டார்கள். இதற்குப் பிறகும் 1,000 ஒட்டகங்களும் 3,000 ஆடுகளும் 100 குதிரைகளும் மீதம் இருந்தன. தங்கக் கட்டிகளைக் கோடரியால் வெட்டிப் பங்கிட்டதில் வெட்டியவர்களின் கைகள் கொப்பளித்தன. நெய்யும் தயிர்க்கட்டியுமாகத் தொடங்கிய கணக்கு இது.

ஸஅதின் வீட்டுக் கதையும் அதோடு முடியவில்லை. அவருடைய மகள் உம்மு ஸஅத் அநாதையாக அபூபக்ர் (ரலி) அவர்களின் பொறுப்பில் வளர்ந்தார். பிறகு வாரிசுரிமைச் சட்டத்தில் ஸஹாபாக்களிலேயே தேர்ந்தவரான ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்கு மனைவியானார். இவர்களுக்குப் பிறந்த காரிஜா, மதீனாவின் புகழ்பெற்ற ஏழு ஃபுகஹாக்களில் ஒருவர். அவர் காலத்தில் மதீனா மக்கள் வீடு, தோப்பு, பணம் எல்லாவற்றையும் வாரிசுகளுக்குப் பிரித்துத் தரவும், பத்திரம் எழுதவும் இரண்டு பேரைத்தான் தேடிப் போனார்கள். ஒருவர் ஸஅதின் பேரர் காரிஜா. இன்னொருவர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் சகோதரர் மகன் தல்ஹா.